அப்பாவை வென்றாரா, அப்பாவுக்குப் பின் வந்தாரா? ‘சக்சீட்’ படுத்தும் பாடு

மூலைப்பேனா:

எங்கள் ஊரில் மூன்று தலைமுறையாக நடக்கும் ஓர் இரும்புக்கடை. அறுபதாம் ஆண்டு மலர் போடுகிறார்கள். யாரோ ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த வரலாற்றைத் தமிழாக்கித் திருத்தி அச்சுக்கு அனுப்புவது என் வேலை. முதல் வரைவை என்னிடம் வேலை பழகும் பையன் செய்தான். நான் அவசரத்தில் ஒரு புரட்டு புரட்டிவிட்டு, முதலாளி வீட்டுக்குப் பார்வைக்கு அனுப்பிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் ஒரு வரி உறைத்தது. எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால்:

“1987-இல் அவர் தம் தந்தையை வென்று, மேலும் மூன்று கிளைகள் திறப்பதிலும் வெற்றி கண்டார்.”

மூலத்தில் இரண்டு சக்சீட். ‘சக்சீடட் ஹிஸ் ஃபாதர்’ ஒன்று, ‘சக்சீடட் இன் ஓப்பனிங்’ இன்னொன்று. பையன் இரண்டுக்கும் ஒரே வெற்றியைப் போட்டுவிட்டான். கேட்டால், “சக்சீட்னா வெற்றி பெறுன்னுதானே சார் படிச்சோம்” என்கிறான். மறுக்க முடியவில்லை. நானும் அப்படித்தான் படித்தேன்.

முதல் சக்சீடுக்கு ‘அவருக்குப் பின் பொறுப்பேற்றார்’ என்று இருக்க வேண்டும், அது தெரியும். தெரியாதது வேறு. அப்பா இடத்தில் பிள்ளை உட்காருவதற்கும் ஜெயிப்பதற்கும் எப்படி ஒரே சொல் வந்தது? இரண்டு தனிச் சொற்கள் உச்சரிப்பில் ஒன்றாகிவிட்டனவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வரைவு இன்னும் முதலாளி வீட்டில்தான் இருக்கிறது. போன் வரவில்லை என்பதே வயிற்றைக் கலக்குகிறது.

சரித்திரவாத்தி:

உங்களுக்காவது இரும்புக்கடை. எனக்குச் சோழ சாம்ராஜ்யம்.

ஆங்கில வழி எட்டாம் வகுப்பு. பாடத்தில் ‘ராஜராஜா வாஸ் சக்சீடட் பை ராஜேந்திரா’ என்று ஒரு வரி. தேர்வில் “சொந்த நடையில் எழுதுக” என்று கேட்டிருந்தேன். ஒரு பையன் எழுதியிருந்தான், ‘ராஜேந்திரன் 1014-இல் தன் தந்தை ராஜராஜனைத் தோற்கடித்து அரசனானான்’ என்று. அதோடு விட்டானா? ‘போர் மிகக் கடுமையாக நடந்தது’ என்று ஒரு வரி உபரியாக! வருடம் மட்டும் மிகச் சரி. அரை மதிப்பெண் போட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அப்பாவும் பிள்ளையும் கூட்டாக ஆண்டவர்கள். 1012-லேயே ராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி ஆட்சியில் பங்கு கொடுத்துவிட்டார் ராஜராஜன். அவர் காலத்துக்குப் பின் 1014-இல் பிள்ளை தனியாக அரியணையில் தொடர்ந்தான். இவ்வளவு சுமுகமாகக் கைமாறிய ஆட்சிக்குப் போய் ஒரு போர்க்களத்தை வரைந்துவிட்டான் பயல்.

பையன்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் குறுக்கு வழி: சக்சீடுக்குப் பக்கத்தில் நேராக ஓர் ஆள் நின்றால் ‘பின்வந்தான்’. ‘இன்’ நின்றால் ‘வெற்றி’. ஒன்றுமே நிற்காமல் சொல் அங்கேயே முடிந்தாலும் பெரும்பாலும் வெற்றிதான்.

சந்தேகப்பிராணி:

வாத்தியார் சார், ‘டு’ நின்றால்?

சரித்திரவாத்தி:

நல்ல கேள்வி. ‘சக்சீட் டு த த்ரோன்’ என்றால் பட்டத்துக்கு வருவது. பதவி, பட்டம், சொத்து இவற்றுக்கு முன்னால் ‘டு’ வரும். ஆனால் ‘டு’வுக்குப் பின் வினைச்சொல் வரக் கூடாது. ‘ஐ சக்சீடட் டு ஓப்பன் த டோர்’ என்று நம்மில் பலர் எழுதுகிறோம், அது தவறு. ‘சக்சீடட் இன் ஓப்பனிங்’ என்று எழுத வேண்டும், இல்லையென்றால் ‘மேனேஜ்ட் டு ஓப்பன்’. இந்த மேனேஜ் பழக்கத்தில்தான் சக்சீடுக்கும் ‘டு’ ஒட்டிக்கொள்கிறது.

பட்டத்துக்கு வருவதற்கு முயற்சி வேண்டாம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் எலிசபெத் மகாராணி. 1952 பிப்ரவரி 6 அன்று இங்கிலாந்தில் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் அப்பா ஆறாம் ஜார்ஜ் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். மகள் கென்யாவில் காடு பார்க்கப் போயிருந்தார். செய்தி வந்து சேரும் வரை, தான் ராணி என்பது அவருக்கே தெரியாது. சில மணி நேரம் தனக்குத் தெரியாமலேயே சக்சீட் ஆகியிருந்த பெண்மணி! இதற்கு ‘வெற்றி’ என்று தமிழாக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழஞ்சொல்:

முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவள், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலைப்பேனா சார், இரண்டு சொல் ஒட்டியதில்லை. ஒரே சொல்தான். லத்தீனில் ‘சுப்’, ‘கேடெரே’ இரண்டும் சேர்ந்தது. ‘கேடெரே’ என்றால் போதல், நகர்தல், இடம் விடுதல். ‘சுப்’ என்றால் அடியில், ஒட்டி, அடுத்து. சுப்புக்குப் பின்னால் ‘க’ ஓசை வந்ததும் ‘ப்’ மாறி ‘க்’ ஆகிவிட்டது. நம்மூர் புணர்ச்சி மாதிரிதான். ‘சுக்கேடெரே’ என்றால் அடுத்து வருதல், ஒருவர் விட்ட இடத்துக்குப் போதல். ‘அடியொற்றி’ என்று தமிழில் சொல்கிறோமே, அதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

‘கேடெரே’ போட்ட குட்டிகள் ஏராளம். ப்ரொசீட், முன்னே போ. ப்ரிசீட், முந்திப் போ. ரிசீட், பின்வாங்கு. எக்சீட், எல்லை தாண்டிப் போ. கன்சீட், விட்டுக்கொடு. இதில் எனக்குப் பிடித்த இரண்டு ஆன்செஸ்டரும் டிசீஸ்டும். ஆன்செஸ்டர் என்றால் நமக்கு முன்னே போனவர். டிசீஸ்ட் என்றால் போய்விட்டவர். நாமும் ‘தாத்தா போயிட்டார்’ என்றுதானே சொல்கிறோம்? ஆக, அப்பா டிசீஸ்ட் ஆகிறார், பிள்ளை சக்சீட் ஆகிறான். இரண்டிலும் ஒரே ‘போ’தான். ஒருவர் போகிறார், இன்னொருவர் அந்த இடத்துக்குப் போகிறார்.

ஆங்கிலத்துக்குள் இது நுழைந்தது 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரெஞ்சு வழியாகவும் நேராக லத்தீனிலிருந்தும். அப்போது பொருள் அடுத்து வருதல், ஒருவர் இடத்தைப் பிடித்தல். சுமார் நூறு வருடம் கழித்துத்தான் ‘முடிதல், விளைதல்’ என்ற பொருளைப் பார்க்கிறோம். ஒரு காரியத்தைத் தொடர்ந்து என்ன வருகிறதோ, அது. அது நன்றாகவும் முடியலாம், மோசமாகவும் முடியலாம். எப்படி முடிந்தது என்பதைச் சொல்ல ‘நன்றாக’ அல்லது ‘மோசமாக’ என்று கூட ஒரு சொல் தேவைப்பட்டது. போகப் போக அந்த ‘நன்றாக’ கழன்று விழுந்தது. வெறும் சக்சீட் என்றாலே நன்றாக முடிந்தது என்று ஆகிவிட்டது.

சக்சஸ் என்ற பெயர்ச்சொல்லும் அப்படியே. 1530-களில் எழுத்தில் வரும்போது அது வெறும் ‘விளைவு’. நல்ல சக்சஸும் உண்டு, கெட்ட சக்சஸும் உண்டு. ஷேக்ஸ்பியர் காலத்திலும் அந்தப் பொருள் உயிரோடு இருந்தது. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் யோசுவா முதல் அதிகாரம் எட்டாம் வசனத்தைப் பாருங்கள், ‘குட் சக்சஸ்’ என்று இருக்கும். இன்றைக்கு யாராவது ‘நல்ல வெற்றி’ என்றால், கெட்ட வெற்றி என்று ஒன்று உண்டா என்று கேட்போம். அன்றைக்கு அந்த ‘நல்ல’வுக்கு வேலை இருந்தது.

மூலைப்பேனா:

அம்மா, அருமை. அந்த ‘கழன்று விழுந்தது’ என்ற இடத்தில் எனக்கு விளக்கு எரிந்தது. நம்மிடமும் இது உண்டே! ‘பலன்’ என்றால் விளைவு, அவ்வளவுதான். ஆனால் ‘கனவு பலித்தது’ என்றால் நல்லபடியாக நடந்தது என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். ‘அதிர்ஷ்டம்’ சமஸ்கிருதத்தில் ‘காணப்படாதது’, நம்மிடம் வந்து லாட்டரி அடித்தவனுக்கு உரியதாகிவிட்டது. ‘தரமான சாமான்’ என்று கடைக்காரர் சொன்னால் எந்தத் தரம் என்று யாரும் கேட்பதில்லை.

எதிர்த்திசையில் போனது நாற்றம். பழைய தமிழில் பூவுக்கும் நாற்றம்தான். இன்றைக்கு மணமேடையில் போய் அந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பாருங்கள்.

சந்தேகப்பிராணி:

எல்லோரும் ஒரே குரலில் பாடுவதால் நான் கொஞ்சம் அபஸ்வரம் பாடுகிறேன். பழஞ்சொல் மேடம், பின்வருவதுதான் அசல் பொருள், வெற்றி பிறகு ஒட்டியது என்கிறீர்கள். என்னிடம் இருக்கும் லத்தீன் அகராதியில் அந்த வினைச்சொல்லுக்கு ‘காரியம் நன்றாக நடத்தல்’ என்றும் போட்டிருக்கிறதே? அப்படியானால் ஆங்கிலத்துக்குள் வருவதற்கு முன்பே வெற்றி இருந்ததுதானே?

பழஞ்சொல்:

பிடித்தீர்கள். நான் கதையைச் சற்று நேர்க்கோடாக்கிவிட்டேன். லத்தீனிலேயே அந்த இரண்டும் உண்டு. ‘சுப்’ என்பது அடியில் என்பதோடு, அடியிலிருந்து மேலே என்றும் பொருள்படும். அதனால் ‘சுக்கேடெரே’ மேலேறுதல் என்றும் ஆனது, அதிலிருந்து காரியம் கைகூடுதல் என்றும் ஆனது. ரோமர்களே ‘அது நல்லபடியாகப் போயிற்று’ என்ற இடத்தில் இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள்.

எனவே சரியாகச் சொன்னால்: லத்தீன் வீட்டில் இரண்டும் ஒன்றாக இருந்தன. ஆங்கிலத்துக்கு முதலில் குடிவந்தது பின்வருதல். வெற்றி சுமார் நூறு வருடம் தள்ளி வந்து, இப்போது வீட்டையே எடுத்துக்கொண்டது. பின்வருதலுக்கு ஒதுக்குப்புறமாக ஓர் அறை, அதில் ராஜாக்களும் வாரிசுகளும்.

சந்தேகப்பிராணி:

சரி, இதை ஏற்கிறேன். அபூர்வமாக.

ஆல்ப்ஸ்காரன்:

வணக்கம். சுவிஸிலிருந்து எழுதுறன், ஊர் யாழ்ப்பாணம். இந்த இழையைப் பார்த்ததும் என்ர முதல் வருசம் ஞாபகம் வந்துவிட்டது.

வந்த புதிதில் திச்சினோ பக்கம் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுற வேலை. அங்கே இத்தாலிய மொழிதான் கதைப்பார்கள். எனக்குத் தெரிந்தது தமிழும் கொஞ்சம் இங்கிலீசும். ஒருநாள் கழுவி அடுக்கிய கோப்பைகளை ஒரு தட்டத்தில் தூக்கிக்கொண்டு வர, ஈரத்தில் கால் வழுக்கி எல்லாம் நிலத்தில். குசினி முழுக்கச் சத்தம். பெரிய சமையல்காரர் ஓடிவந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு “கோஸெ சுச்செஸ்ஸோ?” என்று கத்தினார். என்ர காதில் விழுந்தது ‘சக்சஸ்’ மட்டும்தான். மனுசன் நக்கலடிக்கிறார் என்று நினைத்தேன். இருபது கோப்பை உடைந்து கிடக்கு, சக்சஸாம்! கண் கலங்கிப் போச்சு.

ரெண்டு மாசம் கழித்துத்தான் விளங்கியது. ‘என்ன நடந்தது?’ என்றுதான் கேட்டிருக்கிறார். இத்தாலியில் ‘சுச்சேதெரே’ என்றால் நடத்தல், சம்பவித்தல். ‘சுச்செஸ்ஸோ’ அதன் இறந்தகாலம். அதே சொல் பெயராக வந்தால் வெற்றி என்றும் பொருள். பழஞ்சொல் அம்மா சொன்ன ‘அதைத் தொடர்ந்து என்ன வந்தது’ என்ற பொருள் அங்கே இன்னும் தினமும் புழங்குது.

ஸ்பானியரிடம் இன்னும் மோசம். அவர்களின் ‘சுசேசோ’ என்றால் சம்பவம். பத்திரிகையில் ‘சுசேசோஸ்’ என்று ஒரு பக்கம் வரும், அதில் கொலை, களவு, விபத்து. வெற்றிக்கு அவர்கள் வைத்திருக்கிற சொல் ‘எக்சிட்டோ’. அது ‘வெளியே போதல்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, இங்கிலீசு எக்ஸிட்டின் சொந்தக்காரன்.

இப்போது நான் ஜெர்மன் கதைக்கிற பக்கம் இருக்கிறன். ஜெர்மனில் வெற்றிக்கு ‘எர்ஃபோல்க்’. பதவியில் அடுத்து வருகிறவர் ‘நாக்ஃபோல்கர்’. ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறது ‘ஃபோல்கன்’, பின்தொடர்தல். இங்கிலீசு ஃபாலோவின் உடன்பிறப்பு. இங்கிலீசுக்காரன் ஒரே சொல்லில் குழப்பினதை ஜெர்மன்காரன் ஒரே வேரில் ரெண்டு சொல்லாகப் பிரித்து வைத்திருக்கிறான். உங்கட பையன் ஜெர்மனில் இருந்து மொழிபெயர்த்திருந்தால் அப்பாவும் மகனும் சண்டை பிடித்திருக்க மாட்டார்கள்.

மூலைப்பேனா:

அண்ணே, கோப்பைக் கதைக்குச் சிரிப்பதா வருந்துவதா தெரியவில்லை. ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பக்கம் பரீட்சையில் பாஸானால் ‘சித்தியடைந்தார்’ என்கிறீர்களே?

ஆல்ப்ஸ்காரன்:

ஓம், பரீட்சையை ‘சோதனை’ என்போம். சோதனையில் சித்தியடைந்தார் அல்லது சித்தியடையவில்லை. இங்கே பிள்ளையளுக்கு அதைச் சொன்னால் ‘சின்னம்மா ஆகிட்டாவா’ என்று கேட்குதுகள். உங்கட பக்கம் சித்தி என்றால் சித்தர், யோகம், அல்லது சித்தப்பா பெண்சாதி, அவ்வளவுதான் என்று நினைக்கிறன்.

ஜீரோஎக்ஸிட்:

எக்சிட்டோ = எக்ஸிட் = வெற்றி என்று படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நான் லினக்ஸ் சர்வர்களோடு குடும்பம் நடத்துபவன். அங்கே ஒரு கட்டளை முடிந்து ‘எக்ஸிட்’ ஆகும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் சக்சஸ். வேறு எந்த எண் வந்தாலும் ஏதோ சொதப்பல். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பது, ஜெயித்தால் ஏன் பூஜ்யம் என்று. ஜெயிப்பதற்கு ஒரே வழி, சொதப்புவதற்கு நூறு வழி, அந்த நூறுக்கும் தனித்தனி எண் வேண்டும், அதனால்தான்.

எங்கள் உலகத்தில் கட்டளைக்கும் முயற்சி கிடையாது, பெருமை கிடையாது. ‘கமாண்ட் சக்சீடட்’ என்றால் சொன்னது நடந்தது, ரத்தக் காயம் இல்லை என்று அர்த்தம். பழைய லத்தீன்காரர்களுக்குப் பக்கத்தில் நாங்கள்தான் இருக்கிறோம் போல.

கருப்புக்கோட்டு:

கோர்ட்டுப் பக்கமும் அப்படியே. மேல்முறையீட்டுத் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் ‘தி அப்பீல் சக்சீட்ஸ்’ என்று நீதிபதி எழுதினால் மேல்முறையீடு ஏற்கப்பட்டது என்று பொருள். வென்றது மனு. வக்கீலும் கட்சிக்காரரும் அதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வது வேறு விஷயம்.

ஆனால் எங்களுக்குத் தினசரிச் சோறு போடுவது மற்ற சக்சீட்தான். ஒரு பெரியவர் வந்தார். வங்கியில் ‘சக்சஸ் சர்டிபிகேட்’ கேட்கிறார்கள், தாசில்தார் கொடுத்த காகிதத்தை எடுத்துப் போனால் போதாது என்கிறார்கள், நான் எந்தப் பரீட்சை எழுத வேண்டும் தம்பி என்று கேட்டார். முகத்தில் ஒரு கேலியும் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

இது பலருக்கும் உள்ள குழப்பம், அதனால் சொல்லிவிடுகிறேன். தாசில்தார் தருவது வாரிசுச் சான்றிதழ். இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று அது காட்டும். ‘சக்சஷன் சர்டிபிகேட்’ வேறு. அது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றம் தருவது. இறந்தவருக்கு வர வேண்டிய கடன், வங்கி வைப்பு, பங்குப் பத்திரம் போன்றவற்றை வசூலிக்க அது. வீடு நிலத்துக்கு அது பொருந்தாது. இரண்டையும் தமிழில் ஏறக்குறைய ஒரே பெயரால் அழைப்பதால்தான் ஜனங்கள் அலைகிறார்கள்.

இந்த இழைக்குத் தொடர்பான விஷயம் என்னவென்றால், ஆங்கிலம் வினைச்சொல்லைப் பிரிக்காவிட்டாலும் பெயர்ச்சொல்லைப் பிரித்துவிட்டது. வெற்றிக்கு சக்சஸ், பின்வருதலுக்கு சக்சஷன். உரிச்சொல்லும் இரண்டு: சக்சஸ்ஃபுல் என்றால் வென்ற, சக்சஸிவ் என்றால் அடுத்தடுத்த. ‘சக்சஸர்’ மட்டும் பின்வந்தவருக்கே பட்டா போட்டது, வென்றவருக்கு அதில் பாத்தியதை கிடையாது. பெரியவருக்கு வந்த குழப்பம் ஓர் அசை தவறியதால் வந்தது.

செம்பருத்தி:

தாவரவியல் ஆசிரியை. எங்களுக்கும் சக்சஷன் உண்டு. பாடப்புத்தகத்தில் ‘தாவர வழிமுறை வளர்ச்சி’ என்று வரும். வெறும் பாறையில் முதலில் லைக்கன் வரும், பிறகு பாசி, பிறகு புல், புதர், கடைசியில் மரம். ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963-இல் கடலுக்குள்ளிருந்து எரிமலை கக்கி சர்ட்சி என்று புதுத் தீவே முளைத்தது. அதில் 1965-லேயே கடலோரச் செடி ஒன்று வந்துவிட்டது. விஞ்ஞானிகள் தவிர யாரையும் அங்கே விடுவதில்லை. எது எதற்குப் பின் வருகிறது என்று இன்றும் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ‘வென்றது’ என்று யாரைச் சொல்வது? லைக்கன் பாறையை அரித்து மண்ணாக்கிக் கொடுக்கிறது. அந்த மண்ணில் வந்த புல்லும் புதரும் அதன்மேலேயே நிழல் போட்டு மூடிவிடுகின்றன. உழைத்தது ஒருவர், உட்கார்ந்தது இன்னொருவர். இரும்புக்கடைத் தாத்தா ஞாபகம் வருகிறது.

மூலைப்பேனா:

மேடம், அந்தக் கடைசி வரியை மலரில் போட்டால் என் பில் பாஸாகாது!

இப்போது எனக்கு இன்னொன்றும் புரிகிறது. பையன் ஏன் தடுமாறினான் என்றால், தமிழ் ‘வெல்’ ஆளையும் ஏற்கும், பொருளையும் ஏற்கும். ‘போட்டியை வென்றான்’, ‘எதிரியை வென்றான்’, இரண்டும் சரி. ஆங்கிலத்தில் ‘வின்’ என்றால் போட்டியைத்தான் வெல்ல முடியும். ஆளைத் தோற்கடித்தால் ‘பீட்’ என்று போக வேண்டும். ‘ஐ வன் ஹிம்’ என்று நாம் எழுதுவது இதனால்தான். சக்சீட் இன்னும் ஒரு படி மேல். வெற்றி என்ற பொருளில் அது எந்த ஆளையும் பக்கத்தில் சேர்க்காது. ஆள் வந்து நின்ற உடனே பொருள் மாறிவிடும். சரித்திரவாத்தி சாரின் குறுக்கு வழி ஏன் வேலை செய்கிறது என்று இப்போது தெரிகிறது.

சந்தேகப்பிராணி:

எனக்கு எழுத்துக்கூட்டல் பிரச்சினை. சிலவற்றில் ‘ஈ’ இரட்டையாக வருகிறது, சிலவற்றில் ஒற்றை. நினைவு வைக்க வழி உண்டா?

பழஞ்சொல்:

உண்டு. ‘சி’க்குப் பின் இரண்டு ‘ஈ’ போட்டு ‘டி’யில் முடிவது மூன்றே மூன்று: சக்சீட், ப்ரொசீட், எக்சீட். மற்ற ப்ரிசீட், ரிசீட், கன்சீட், இன்டர்சீட் எல்லாம் நடுவில் ஒற்றை ‘ஈ’, ‘டி’க்குப் பின் இன்னொன்று. சூப்பர்சீட் மட்டும் வேறு ஜாதி. அது ‘போ’விலிருந்து வரவில்லை, லத்தீன் ‘உட்கார்’ என்பதிலிருந்து வந்தது, மேலே ஏறி உட்காருதல். அதனால் அதில் ‘சி’க்குப் பதில் ‘எஸ்’. அந்த ஓசைக்கு அப்படி ‘எஸ்’ போட்டு எழுதும் சொல் அது ஒன்றுதான். ப்ரொசீட் இரட்டை ‘ஈ’ என்றாலும் ப்ரொசீஜர் ஒற்றை. இதற்கு நியாயம் கேட்காதீர்கள்.

இன்னொரு பொறி: செசீட். பிரிந்து போதல். 1860 டிசம்பர் 20 அன்று தெற்கு கரோலினா அமெரிக்க ஐக்கியத்திலிருந்து பிரிந்தது என்பதற்கு ‘செசீடட்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘சக்சீடட்’ என்று எழுதிய விடைத்தாள்களை நான் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். அந்த ஒரு பிழையில் உள்நாட்டுப் போரின் முடிவே மாறிவிடும்.

அப்புறம், ‘நத்திங் சக்சீட்ஸ் லைக் சக்சஸ்’ என்று ஒரு பழமொழி உண்டு. வெற்றியைப் போல் வெற்றி தருவது வேறில்லை என்று பொருள் சொல்வார்கள். வகுப்பில் நான் அதைத் திருப்பிப் படிக்கச் சொல்வேன். வெற்றிக்குப் பின்னாலேயே வருவதும் வெற்றிதான் என்று படித்தாலும் சரியாகத்தானே இருக்கிறது? அந்தப் பழமொழி இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருக்கும் கதவைத் திறந்து வைக்கிறது. தமிழில் அப்படியே கொண்டுவர முடியுமா என்று முப்பது வருடம் முயன்றேன். நடக்கவில்லை.

கருப்புக்கோட்டு:

‘பணம் பணத்தோடு சேரும்’ கிட்டத்தட்ட வரும்.

பழஞ்சொல்:

கருத்து வரும், சிலேடை வராது.

ஆனால் மூலைப்பேனா சாருக்கு ஒரு சொல் தருகிறேன். நான் சொன்ன அந்த யோசுவா வசனத்தில், நம் பழைய தமிழ் பைபிளில் ‘உன் வழியை வாய்க்கப்பண்ணுவாய்’ என்று வரும். ‘வாய்’ என்ற இந்த வினையை நாம் சக்சீடுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இல்லை. ‘காரியம் வாய்த்தது’ என்றால் கைகூடியது. ‘எனக்கு வாய்த்தது இப்படி’ என்றால் எனக்கு வந்து சேர்ந்தது இது, நல்லதோ கெட்டதோ. வருதலும் வெல்லுதலும் ஒரே சொல்லில், தமிழிலேயே இருக்கிறது.

ஜீரோஎக்ஸிட்:

‘எனக்கு வாய்ச்ச சர்வர் அப்படி’ என்று தினமும் நான் சொல்வது இதுதானா?

சரித்திரவாத்தி:

எனக்கு வாய்த்த எட்டாம் வகுப்பு.

மூலைப்பேனா:

போன் வந்துவிட்டது. வந்தது முதலாளியின் மகனிடமிருந்து. மூன்றாம் தலைமுறை, இப்போது கடையைப் பார்த்துக்கொள்பவர். நான் எடுத்த எடுப்பிலேயே, “சார், நாலாம் பக்கத்தில் ஒரு பெரிய தப்பு, மன்னிக்கணும், ‘தம் தந்தைக்குப் பின் கடைப் பொறுப்பை ஏற்று, மேலும் மூன்று கிளைகளைத் திறந்தார்’ என்று மாற்றிவிட்டேன்” என்று மூச்சு விடாமல் சொன்னேன். வெற்றி என்ற சொல்லையே எடுத்துவிட்டேன் பார்த்தீர்களா? கிளைகளைத் திறந்தார் என்றாலே திறப்பதில் வெற்றி கண்டார் என்பதும் அதில் வந்துவிடுகிறது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்தார். “அது தப்பா? நாங்க வீட்ல எல்லாரும் சரின்னுல்ல நெனச்சோம். தாத்தா கடைசி வரைக்கும் கல்லாச் சாவியக் கொடுக்கவே இல்ல சார். அப்பா ஏழு வருஷம் மல்லுக்கட்டித்தான் வாங்கினாரு. அந்த வரியப் படிச்சுட்டு அப்பா ரெண்டு தடவ திருப்பிப் படிக்கச் சொன்னாரு” என்றார்.

திருத்தத்தைப் போடவா, விடவா என்று கேட்டேன். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.